காதலுக்கு முன்பே தொடங்கிய பொறாமை: அனிமே நாயகி நினோ நகானோ யார்?

ஒரே நாயகனைப் பல பெண்கள் விரும்பும் கதைகளை ஜப்பானிய அனிமே உலகம் 'ஹேரம்' வகை என்று அழைக்கிறது. இவ்வகை நகைச்சுவைக் காதல் தொடர்களில் வீம்பும் பொறாமையும் நிறைந்த போட்டி நாயகி ஒருவர் ஏறத்தாழ தவறாமல் இடம்பெறுவார். உள்ளத்தில் அன்பிருந்தும் வாயில் வசையே வரும். பெரும்பாலும் இறுதியில் தோற்பவரும் அவரே. 'தி குவின்டெசென்ஷியல் குவின்டப்லெட்ஸ்' தொடரின் நினோ நகானோ இந்த வரிசையில் அதிகம் பேசப்படும் பாத்திரங்களுள் ஒருவர்.

இத்தகைய பாத்திரத்திற்கு ஜப்பானிய ரசிகர்கள் வைத்துள்ள பெயர் 'ட்சுண்டெரே'. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சிடுசிடுப்பைக் குறிக்கும் 'ட்சுன் ட்சுன்', காதலில் குழைவதைக் குறிக்கும் 'டெரே டெரே' ஆகிய இரு சொற்களின் சேர்க்கை இது. 2000-களின் தொடக்கத்தில் இச்சொல் புழக்கத்திற்கு வந்தது. ஆனால் ருமிகோ தகாஹாஷியின் 'ரன்மா 1/2' படைப்பில் வரும் அகானே தெண்டோ போன்ற பாத்திரங்கள் அதற்கு முன்பே இருந்தன. தமிழில் இதை 'ஊடல்' என்று சொல்லிவிடத் தோன்றலாம். ஆனால் ஊடல் கூடியவர்களுக்கு இடையே எழுவது. ட்சுண்டெரே நாயகியோ காதலை ஒப்புக்கொள்வதற்கு முன்பே கோபித்துக்கொள்கிறார்.

நெகி ஹருபா எழுதி வரைந்த இந்த மங்கா, 2017 ஆகஸ்ட் முதல் 2020 பிப்ரவரி வரை 'வீக்லி ஷோனன் மேகசின்' இதழில் 122 அத்தியாயங்களாக வெளிவந்தது. 2019-ல் சிறுவர் பிரிவில் கோடன்ஷா மங்கா விருதைப் பெற்றது. அதே ஆண்டிலும் 2021-லும் அனிமே தொடராகவும், 2022 மே மாதம் திரைப்படமாகவும் வெளியானது. வறுமையில் வாடும் மாணவர் ஃபூதாரோ உஎசுகி, ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து சகோதரிகளுக்கு வீட்டு ஆசிரியராகிறார். ஐவரும் படிப்பில் மிகவும் பின்தங்கியவர்கள். அவர்களில் ஒருவரை ஃபூதாரோ பின்னாளில் மணக்கிறார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. மணமகள் யார் என்பது மட்டும் மறைக்கப்படுகிறது.

இரண்டாவது சகோதரியான நினோவுக்கு ஜப்பானில் குரல் கொடுத்தவர் அயானா தகெதாட்சு. நீண்ட கூந்தலில் பட்டாம்பூச்சி போன்ற ரிப்பன்களை அணியும் நினோ, ஐவரில் சமையலில் கைதேர்ந்தவர். புதிய ஆசிரியரை விரட்ட அவர் கையாளும் முதல் வழி, குடிநீரில் தூக்க மருந்தைக் கலந்து கொடுப்பது. உண்மை வாழ்வில் குற்றமாகும் ஒரு செயலை நகைச்சுவையாகக் கடந்துவிடுவது இவ்வகைத் தொடர்களின் பழைய பலவீனம். இத்தொடரும் அதற்கு விலக்கல்ல.

எனினும் அந்தப் பகைக்குக் காரணம் உண்டு. நினோவின் பொறாமை ஃபூதாரோவைப் பற்றியதாகத் தொடங்கவில்லை. தன் சகோதரிகளைப் பற்றியதாகவே தொடங்கியது. சிறுவயதில் ஐவரும் ஒரே தோற்றத்தில், ஒரே மனத்தினராக வாழ்ந்த நாள்களை அவர் மறக்கவில்லை. வளர வளர ஒவ்வொருவரும் தனித்தனி வழியில் செல்லும்போது, வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் நுழைவது அந்தப் பிளவை விரைவுபடுத்தும் என்று அஞ்சுகிறார். ஃபூதாரோ கைப்பட எழுதிய பயிற்சித் தாள்களை அவர் கிழித்தெறிய, கடைசிச் சகோதரி இட்சுகி அவரை அறைய, இருவரும் வீட்டைவிட்டு வெளியேறும் கட்டத்தில் இந்த அச்சம் முழுமையாக வெளிப்படுகிறது. அதன் முடிவில் நினோ தன் நீண்ட கூந்தலை வெட்டிக்கொள்கிறார். பழைய நாள்களிலிருந்து விடுபடும் முடிவாக அக்காட்சி அமைந்துள்ளது.

இடையில் ஒரு வேடிக்கையும் நிகழ்கிறது. பொன்னிற விக் அணிந்த ஃபூதாரோவை, அவருடைய உறவினர் 'கின்தாரோ' என்று நம்பி நினோ மனதைப் பறிகொடுக்கிறார். தான் வெறுப்பவரும் விரும்புபவரும் ஒருவரே என்று அறிந்த பின், வழக்கமான ட்சுண்டெரே நாயகி மேலும் பல அத்தியாயங்களுக்கு மறுத்துக்கொண்டிருப்பார். நினோ அப்படிச் செய்யவில்லை. ஃபூதாரோ ஓட்டும் இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் இருந்தபடி காதலைச் சொல்கிறார். அவருக்குக் காதில் விழவில்லை என்று தெரிந்ததும், மறுபடியும் நேருக்கு நேர் சொல்லிவிடுகிறார். வாய்ப்பு நழுவியதைச் சாக்காக்கிக் கதையை இழுக்கும் இவ்வகைத் தொடர்களின் வழக்கத்தை உடைக்கும் இக்காட்சி, தொடரின் சிறந்த தருணங்களுள் ஒன்று.

அதன்பின் வெளிப்படையான போட்டி தொடங்குகிறது. மூத்தவர் இச்சிகாவும் மூன்றாமவர் மிக்குவும் அதே ஃபூதாரோவை விரும்புகின்றனர். கியோட்டோ பள்ளிச் சுற்றுலாவில், மிக்குவின் வேடத்தில் ஃபூதாரோவை ஏமாற்றிய இச்சிகாவை நினோ கடுமையாகக் கண்டிக்கிறார். வேறொரு சகோதரி தேர்வானால் வருந்தினாலும் வாழ்த்தியிருப்பேன், காதலைப் போலவே இந்த உறவும் தனக்கு முக்கியம் என்பதே அவரது வாதம்.

ஃபூதாரோ தேர்ந்தெடுப்பது நான்காமவரான யொட்சுபாவை. நினோ அதை எளிதில் ஏற்கவில்லை. யொட்சுபாவுடன் மோதிய பின்னரே சமாதானமாகிறார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிந்தைய இறுதிப் பகுதியில் நினோ ஒரு சிற்றுண்டிக் கடையை நடத்துகிறார். அதில் அவருடன் சேர்ந்து உழைப்பவர், ஒரு காலத்தில் அதே காதலுக்குப் போட்டியிட்ட மிக்கு.