சேது வழியில் ஒரு வெயில் கணக்கு

பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 12 கிலோமீட்டர்தான். அதற்குள் அக்காமடம், தங்கச்சிமடம்னு பேரிலேயே மடம் உள்ள இரண்டு ஊர்கள். இத்தனூண்டு தூரத்துக்கு எதற்கு? சித்திரையில் பத்து மணிக்கு மேல் அந்த மணலில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். கால் புதையும், பொசுக்கும். உடைமரம் குடை மாதிரிதான் விரிந்து நிற்கும். பொடி இலை, நிழலெல்லாம் சல்லடை. ஒதுங்கினால் முள் வேறு!

சேதுபதிகள் யாத்திரை வழியில் கட்டிய சத்திரங்களைத் தர்மக் கணக்கில்தான் எழுதுகிறோம். எனக்கென்னவோ வெயில் கணக்கும் தெரிகிறது: விடியலில் ஒரு நடை, உச்சியில் படுக்கை, சாயங்காலம் மிச்சம். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும்வரை மண்டபம் பக்கம் படகேறித்தான் தீவுக்கு வரணும். ரயில் வந்தபின் அந்த நடை தேவைப்படவில்லை. இப்போது தங்கச்சிமடத்தில் இளைப்பாற யாரும் பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை.