பாலஸ்தீனத்தை ஆதரித்தால் அரசு வேலை போய்விடுமா? விதி சொல்வது என்ன?

பங்காருபாளையம் மண்டல அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாலஸ்தீனக் கொடியை வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு ஆபத்து வருமா?

கேள்வி கற்பனை இல்லை. 2025 மார்ச் 31, ரம்ஜான் தொழுகை முடிந்ததும் உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரில் பாலஸ்தீனக் கொடி பிடித்த மின்துறை ஒப்பந்த ஊழியர் ஒருவரை, சில நாட்களிலேயே வேலையை விட்டு நீக்கினார்கள். அது தேச விரோதச் செயல் என்றது துறை.

தனி பாலஸ்தீனம் இந்தியாவின் நிலைப்பாடுதானே?

ஆமாம். 1988 நவம்பரிலேயே பாலஸ்தீனத்தை இந்தியா அங்கீகரித்துவிட்டது. 2025 செப்டம்பர் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில் இரு நாடு தீர்வுக்கு ஆதரவாக வாக்களித்த 142 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அரசே சொல்வதை ஊழியர் சொன்னால் தேச விரோதம் என்பது விசித்திரம்தான்.

அப்புறம் எங்கே சிக்கல்?

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில், 9-ஆம் விதியில். அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்கக் கூடாது. வெளிநாட்டு அரசுடனான உறவுக்குச் சங்கடம் தரக்கூடிய எதையும் சொல்லக் கூடாது. கவனியுங்க, 'தரக்கூடிய'. சங்கடம் உண்மையிலேயே வந்ததா என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. "பாலஸ்தீனம் தனி நாடாகட்டும்" என்பதில் கொள்கை விமர்சனம் இல்லை. "இஸ்ரேலுடன் உறவை முறி" என்றால் கதையே வேறு.

பங்காருபாளையத்துக்காரருக்கு ஆந்திராவின் 1964 விதிகள், எல்லை தாண்டி வேலூரில் இருப்பவருக்குத் தமிழ்நாட்டின் 1973 விதிகள். போக்கு ஏறக்குறைய ஒன்றே.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

ஊழியர்கள் எந்த ஆர்ப்பாட்டமும் நடத்தக் கூடாது என்ற பீகார் அரசின் ஒட்டுமொத்தத் தடையை 1962-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு வேலையில் இருப்பதாலேயே பேச்சுரிமை பறிபோகாது என்று, ஃபேஸ்புக் பதிவு தொடர்பான வழக்கில் 2020-ல் திரிபுரா உயர் நீதிமன்றமும் சொன்னது.

ஒப்பந்த ஊழியர் என்றால்?

நிஜமான ஆபத்து இங்கேதான். நிரந்தர ஊழியரை நீக்க, அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவுப்படி குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதிலைக் கேட்க வேண்டும். ஏஜென்சி வழியாக வந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒரு போன் போதும். சஹாரன்பூர்க்காரர் இந்த வகை.