மண வாழ்வுக்கு ஒரு வருமான வரம்பு: பிரித்தானியத் துணைவர் விசாவின் அரை நூற்றாண்டு

பிரித்தானியாவில் வாழும் ஒருவர், அயல்நாட்டவரான தம் கணவரையோ மனைவியையோ அங்கு அழைத்துக்கொள்ள ஆண்டுக்கு 29,000 பவுண்டு ஈட்ட வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் நடப்பிலுள்ள விதி இது. குடிபெயர்வு ஆய்வில் நுழையும் மாணவர்கள் பலர் இத்தொகையை ஒரு பொருளாதாரக் கணக்காகவே வாசிக்கின்றனர். அதன் பின்னுள்ள விதிமாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் வேறொரு வரலாறு தென்படுகிறது. துணைக்கண்டத்துக் குடும்பங்கள் அதன் நடுவே நிற்கின்றன.

1962ஆம் ஆண்டின் காமன்வெல்த் குடிவரவுச் சட்டம் காமன்வெல்த் நாட்டினரின் வருகையை முதன்முறையாகக் கட்டுப்படுத்தியது. ஆயினும் அங்கு குடியமர்ந்த ஆணின் மனைவியும் இளம் பிள்ளைகளும் வந்து சேரும் உரிமையை அது காத்தது. பெண்ணின் கணவனுக்கு அத்தகைய உரிமை இல்லை. மனைவி கணவன் இருக்குமிடத்துக்குச் செல்பவள் என்ற எண்ணமே அதன் அடிப்படை. 1969இல் காமன்வெல்த் நாடுகளிலிருந்து கணவர்களும் மணமகன்களும் வருவது ஏறத்தாழ முற்றிலும் தடுக்கப்பட்டது. பெண்கள் நடத்திய இயக்கத்தின் விளைவாக 1974இல் அத்தடை நீங்கிற்று. 1977இலும் 1980இலும் மீண்டும் கதவு நெருக்கப்பட்டது.

இக்காலத்தில் ஆராயப்பட்டது பணமன்று, நோக்கம். 'முதன்மை நோக்கம்' என்று அறியப்பட்ட விதியின்படி, பிரித்தானியாவில் குடியேறுவது தம் திருமணத்தின் முதன்மை நோக்கமன்று என்பதை விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என எவ்வாறு மெய்ப்பிப்பது? மணமக்கள் முன்பே நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணத்தின் இயல்பையே ஐயத்துக்குரிய சான்றாக ஆக்கியது அது. ஐயம் எத்துணை தூரம் சென்றது என்பதற்கு 1979 ஜனவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடந்தது போதும். மணம் புரிய வந்த இந்திய ஆசிரியை ஒருவர், அவர் உண்மையிலேயே மணமாகாதவரா என்று அறிவதற்காகக் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். 'கார்டியன்' நாளேடு இதை வெளியிட்டது. துணைக்கண்டத்திலிருந்த பிரித்தானிய விசா அலுவலகங்களிலும் இச்சோதனை நடந்ததை, பின்னர் திறக்கப்பட்ட அரசுக் கோப்புகளைக் கொண்டு ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர்.

1985 மே 28 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அப்துல் அஜீஸ், கபாலெஸ், பால்கண்டாலி வழக்கில் தீர்ப்பளித்தது. மூவரும் பிரித்தானியாவில் குடியமர்ந்த பெண்கள். தம் கணவர்களை அழைக்க இயலாதவர்கள். உள்நாட்டு வேலைச் சந்தையைக் காக்கவே கணவர்களைத் தடுப்பதாக அரசு வாதிட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இத்தகைய வேறுபாடு காட்டுவதை அக்காரணம் நியாயப்படுத்தாது என்று நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பு, தம்பதியர் விரும்பிய நாட்டில் வாழ இடமளிக்கும் பொதுக் கடமை அரசுக்கு இல்லை என்றும் கூறிற்று. பாடநூல்கள் முதற்பகுதியையே நினைவில் வைக்கின்றன. நடைமுறையில் நெடுநாள் வேலை செய்தது இரண்டாம் பகுதி என்பது என் கருத்து.

தீர்ப்புக்கு அரசு அளித்த விடை நம் கவனத்துக்குரியது. கணவர்களுக்கு இருந்த தடைகளை நீக்கிச் சமன்செய்யலாம். மனைவியருக்கும் அத்தடைகளை நீட்டிச் சமன்செய்யலாம். அரசு இரண்டாம் வழியைத் தேர்ந்தது. 1985க்குப் பின் மனைவியரும் முதன்மை நோக்கத் தேர்வுக்கு உள்ளாயினர். எனினும் 1973 ஜனவரி 1க்கு முன் குடியமர்ந்த காமன்வெல்த் ஆண்களின் மனைவியருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு காப்பாக நின்றது. 1988ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் அதையும் அகற்றியது. ஆலைகளிலும் உணவகங்களிலும் உழைத்து, சில்ஹெட்டில் விட்டுவந்த குடும்பத்தை அழைப்பதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வங்காளதேச ஆண்கள், பொது நிதியைச் சாராமல் குடும்பத்தைக் காக்க முடியும் என்றும், போதிய உறைவிடம் உண்டு என்றும் இனி மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. நோக்கத் தேர்வு 1997 ஜூனில் ஒழிக்கப்பட்டது. பணத் தேர்வு நிலைத்தது.

ஆனால் அப்பணத் தேர்வுக்கு அன்று திட்டவட்டமான எண் இல்லை. 'போதுமான' பராமரிப்பு என்பதே விதியின் சொல். 2006இல் குடிவரவுத் தீர்ப்பாயம் அதற்கு ஓர் அளவுகோல் தந்தது: அரசின் வறுமை உதவித்தொகையில் வாழும் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பதைவிடக் குறையாத வருவாய். அப்படியாயின் அண்ணனோ மாமனாரோ மாதந்தோறும் தரும் பணம் கணக்கில் வருமா? கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்க்கு இது கேள்வியே அன்று. 2009 டிசம்பரில் பிரித்தானிய உச்சநீதிமன்றம் மகாத் வழக்கில் இதற்கு ஆம் என்றே விடையளித்தது. மூன்றாம் நபரின் உதவியையும் சான்றாக ஏற்கலாம்.

அத்தீர்ப்பின் பயன் மூன்றாண்டு கூட நிலைக்கவில்லை. 2012 ஜூலை 9 அன்று உள்துறைச் செயலர் தெரசா மே காலத்தில் வந்த புதிய விதிகள் 18,600 பவுண்டு என எண்ணை நிறுத்தின. விசா தேவைப்படும் குழந்தை ஒன்று உடன் வந்தால் 22,400; அதன்மேல் ஒவ்வொரு குழந்தைக்கும் 2,400. குறைந்தபட்ச ஊதியம் அப்போது மணிக்கு 6.08 பவுண்டு. வாரம் 40 மணி நேரம் ஆண்டு முழுதும் உழைத்தாலும் 12,646 பவுண்டே கிட்டும். ஆகவே வேலையில்லாதவர் மட்டுமல்லர், முழுநேரம் உழைப்பவரும் வரம்புக்கு வெளியே நின்றனர். வரம்பைப் பரிந்துரைத்த குடிபெயர்வு ஆலோசனைக் குழுவே, விண்ணப்பதாரர்களில் சுமார் 45 விழுக்காட்டினர் இதை எட்டமாட்டார் என முன்கூட்டி மதிப்பிட்டிருந்தது. பெண்களின் சராசரி ஊதியம் ஆண்களினும் குறைவாதலால், கணவனை அழைக்கும் பெண்ணுக்கே சுமை கூடுதல். 1985இல் நீதிமன்றம் கண்டித்த வேறுபாடு இப்போது பால் குறிப்பிடாத ஓர் எண்ணுக்குள் ஒளிந்துகொண்டது.

எவை கணக்கில் வரும் என்பது எண்ணைவிட முக்கியமானது. ஏற்கெனவே அங்கு வேலை செய்யும் உரிமையின்றி வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணைவரின் சம்பளம் வராது. பெங்களூரில் உயர்ந்த ஊதியம் பெறும் மென்பொறியாளரின் வருவாய் சுழியம். மான்செஸ்டரில் கடையில் நிற்கும் அவர் மனைவியின் ஊதியச் சீட்டே அளவை. உறவினரின் மாத உதவி வராது. சேமிப்பு வரும், ஆனால் 18,600 வரம்பு நடப்பிலிருந்தபோது வருமானமே இல்லாதவர் 62,500 பவுண்டு ரொக்கமாக ஆறு மாதம் வைத்திருந்து காட்ட வேண்டியிருந்தது. இங்கே குடும்பம் என்பதற்கே ஒரு வரையறை திணிக்கப்படுகிறது: ஒரு வேலை, ஒரு வங்கிக் கணக்கு, ஓர் ஒற்றை ஆள்.

2017 பிப்ரவரி 22 அன்று உச்சநீதிமன்றம் வருமான வரம்பு கொள்கையளவில் சட்டத்துக்குட்பட்டதே என்றது. அதே வேளையில், குழந்தைகளின் நலனைக் கருதும் சட்டக் கடமையை விதிகள் நிறைவேற்றவில்லை என்றும், பிற நிதி ஆதாரங்களை ஒரேயடியாக ஒதுக்குவது தவறு என்றும் கூறியது. இரண்டாண்டுக்கு முன், இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையரின் அறிக்கை இவ்விதியால் குறைந்தது 15,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டு, அவர்களை 'ஸ்கைப் குடும்பங்கள்' என அழைத்திருந்தது. 2017 ஆகஸ்டில் விதி சற்றே தளர்ந்தது. மறுப்பு மிகக் கடுமையான விளைவை உண்டாக்கும் விதிவிலக்கான நிலையில் மட்டும் மூன்றாம் நபரின் உதவி மீண்டும் ஏற்கப்பட்டது.

2023 டிசம்பரில் வரம்பை 38,700 பவுண்டுக்கு உயர்த்தப்போவதாக அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே அது படிப்படியாக நிகழும் என்றாயிற்று, முதற்படி 29,000. குறைந்தபட்ச ஊதியம் இதற்குள் 11.44 பவுண்டுக்கு உயர்ந்திருந்தும், அதே 40 மணி நேரக் கணக்கில் வருவது 23,795தான். 2024இல் பொறுப்பேற்ற தொழிற்கட்சி அரசு அடுத்த படிகளை நிறுத்திவைத்து, ஆலோசனைக் குழுவிடமே ஆய்வைத் திரும்ப ஒப்படைத்தது. குழுவின் அறிக்கை 2025 ஜூனில் வெளிவந்தது. இதனிடையே, 2024 ஏப்ரல் 11க்கு முன் விண்ணப்பித்தவர்கள் நீட்டிப்புக்கு வரும்போதும் பழைய 18,600 அளவையே காட்டினால் போதும்; மறுநாள் விண்ணப்பித்தவருக்கு அதைவிட 10,400 பவுண்டு கூடுதல்.