நிலப் பயன்பாட்டு மாற்றம்: சட்டம் சொல்வதும் மார்க்கம் சொல்வதும்

"இடம் என்னுடையது, பட்டாவும் பத்திரமும் என் பெயரில் இருக்கின்றன. அதில் வீடு கட்டினால் என்ன, வணிக வளாகம் கட்டினால் என்ன?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர். இது தொடர்பாகத் தமிழகச் சட்டத்தில் உள்ள நடைமுறையையும் மார்க்கத்தின் நிலையையும் இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

பட்டா வேறு, பயன்பாடு வேறு

பட்டாவில் காணும் நஞ்சை, புஞ்சை என்பவை வருவாய்த் துறையின் வகைப்பாடு. ஓர் இடத்தில் எதைக் கட்டலாம் என்பதை, தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் கீழ் தயாரிக்கப்படும் முழுமைத் திட்டமே (மாஸ்டர் பிளான்) முடிவு செய்கிறது. சென்னைப் பெருநகருக்கு 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம், நிலங்களை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் முதலிய மண்டலங்களாகப் பிரித்துள்ளது.

எனவே, நம் சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நாம் கட்ட நினைப்பது அந்த மண்டலத்திலேயே அனுமதிக்கப்பட்டதாக இருந்தால் மாற்றம் தேவையில்லை. இல்லையென்றால் சென்னைப் பகுதியில் சி.எம்.டி.ஏ.விடமும், பிற பகுதிகளில் நகர் ஊரமைப்புத் துறையிடமும் நில வகைப்பாட்டு மாற்றம் கோரி விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரிகள் இடத்தைப் பார்வையிடுவார்கள். பொதுமக்களின் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வெளியாகும். மாற்றம் ஏற்கப்பட்டால் அது அரசிதழில் வெளியிடப்படும்.

இத்துடன் வேலை முடிந்துவிடாது. திட்ட அனுமதி தனியாகப் பெற வேண்டும். சாலையின் அகலம், வாகன நிறுத்தம், சுற்றிலும் விட வேண்டிய காலியிடம் ஆகியவை அப்போது பரிசீலிக்கப்படும். முழுமைத் திட்டம் இல்லாத ஊர்களில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற, 2017-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. நஞ்சை நிலமாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும்.

உரிமைக்கு எல்லை உண்டு

உரிமையாளர் தன் சொத்தைத் தன் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்பதே ஃபிக்ஹின் அடிப்படை. ஆனால் அண்டை வீட்டாருக்கு வெளிப்படையான பெருந்தீங்கு ஏற்படுமானால் அவரைத் தடுக்கலாம் என்று ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் தீர்ப்பளித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' சட்டத்தொகுப்பும் இதையே ஏற்றது. வீட்டை ஒட்டிக் கொல்லுப்பட்டறையோ மாவரைக்கும் ஆலையோ அமைத்து, அதன் அதிர்வால் அந்த வீடு பழுதடைவதை அது உதாரணமாகக் காட்டுகிறது. இன்று அந்த இடத்தில் ஜெனரேட்டரையும், தெருவை அடைக்கும் வாகனங்களையும், நிரம்பி வழியும் கழிவுநீரையும் வைத்துப் பார்க்கலாம். பாதையின் அளவில் தகராறு வந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை புகாரி, முஸ்லிம் இரண்டும் பதிவு செய்துள்ளன. சொந்த நிலத்தை ஒட்டிப் பொதுமக்களுக்கும் உரிமை இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கவனிக்க வேண்டிய மூன்று

ஒன்று, கையூட்டு. "நமக்குரிய உரிமை அநியாயமாகத் தடுக்கப்பட்டு, வேறு வழியே இல்லாதபோது கொடுத்தால், பாவம் வாங்குபவருக்கே" என்று அறிஞர்கள் பலர் கூறியிருப்பதைச் சிலர் இங்கே ஆதாரமாகக் கொண்டு வருகிறார்கள். அது இங்கே பொருந்தாது. குடியிருப்பு மண்டலத்தில் வணிகம் செய்யும் உரிமை, அரசு இசைவளிக்கும் வரை நமக்கு ஏற்படவே இல்லை. இல்லாத உரிமையைப் பணம் கொடுத்துப் பெறுவது அண்டை வீட்டாரின் உரிமையை விலைக்கு வாங்குவதாகும். கொடுப்பவர், வாங்குபவர் இருவர் மீதும் நபி (ஸல்) அவர்களின் சாபம் இருப்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டு, விற்பனை. "விரைவில் வணிக மனையாகிவிடும்" என்று சொல்லி, அனுமதி வராத நிலத்தை அந்த விலைக்கு விற்பது ஏமாற்று. விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்பதை வாங்குபவரிடம் உள்ளபடி சொல்லிவிட வேண்டும்.

மூன்று, ஆட்சேபணை. அறிவிப்பு யார் கண்ணிலும் படாமல் நாள் கடந்துவிட வேண்டும் என்று விண்ணப்பதாரர் நினைப்பது அழகல்ல. விண்ணப்பிக்கும் முன்பே பக்கத்து வீட்டாரிடம் வரைபடத்தைக் காட்டி, அவர்களது கவலையைக் கேட்பதே முஸ்லிமின் பண்பு. வாகன நிறுத்தத்தைத் தன் எல்லைக்குள்ளேயே அமைப்பது போன்ற தீர்வுகள் பெரும்பாலும் இந்தப் பேச்சில்தான் பிறக்கின்றன. மறுபக்கம், உண்மையான பாதிப்பு இல்லாமல் பொறாமையால் மனுப் போடுவதும், மனுவை வாபஸ் பெறப் பணம் கேட்பதும் அநியாயமே. நபி (ஸல்) அவர்கள் தீங்கு செய்வதைத் தடுத்தபோது இரு தரப்பையும் சேர்த்தே தடுத்தார்கள்.

நிலத்தின் மதிப்பு பலமடங்கு உயரும் நேரத்தில்தான் இவையெல்லாம் சோதனையாக முன்னால் வந்து நிற்கும். அதில் வரும் வருமானம் ஹலாலாக இருக்க வேண்டுமானால், அதற்குப் பெற்ற அனுமதியும் ஹலாலான வழியில் வந்திருக்க வேண்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கு அருள்புரிவானாக!