முற்றுப்புள்ளிக்குள்ள ஒரு மகாராணி

தபால்தலை, நாணயம் சேர்க்கறவங்க தெரியும். நுண்போட்டோ சேர்க்கறவங்களும் இருக்காங்க மக்களே! மூணு அங்குலக் கண்ணாடிச் சில்லு, நடுவுல முற்றுப்புள்ளி அளவுக்கு ஒரு கறுப்பு. மைக்ராஸ்கோப்புல வெச்சா விக்டோரியா மகாராணி சிரிப்பார், இல்லேன்னா பைபிளின் பத்துக் கட்டளைகள் தெரியும்.

1839-ல் இதைத் தொடங்கி வைத்தவர் இங்கிலாந்தின் ஜான் பெஞ்சமின் டான்சர். 1850-களில் மான்செஸ்டரில் விற்பனைக்கே வந்தது. அப்போ அது வெறும் வேடிக்கைச் சாமான். 1870-71 பாரிஸ் முற்றுகையில் ரெனே தாக்ரோன் செய்திகளை இப்படிச் சுருக்கிப் பிலிமில் ஏற்ற, புறாக்கள் ஊருக்குள்ள சுமந்து போச்சு. மைக்ரோபிலிமுக்குத் தாத்தா இதுதான்.

நமக்கென்னன்னு கேக்கறீங்களா? கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள், இதழ்கள், நோட்டீசுகள் சுமார் 1 லட்சம். 1992-ல் அவர் மறைஞ்சார். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியும் கப்பலேத்தலை. 1994-ல் சென்னையிலேயே அவர் பேரில் நூலகம் வந்தது, மைக்ரோபிலிமும் எடுத்தாங்க.

எங்க திட்டக்குடிப் பக்கம் பழைய புத்தகம்னா எடைக்குத்தான். பழுத்த தாள் தொட்டாலே உதிரும். பிலிமைப் பத்திரமா வெச்சா நூறு வருஷம் தாண்டும். படிக்க லென்ஸும் வெளிச்சமும் போதும். பரணைக் காலி பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை புரட்டிப் பாருங்க. உலகத்துலயே கடைசிப் பிரதி அதுவா இருக்கலாம்.