நோ என்ட்ரி நேரம்

சேலத்து ஜவ்வரிசி வந்து சேராமல் டெல்லியில் நவராத்திரி விரதம் நடக்காது. ஆத்தூர், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளில் ஏற்றிய மூட்டை ஓசூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று சுமார் 2,400 கிலோமீட்டர் ஓடி, பதர்பூர் எல்லையில் வந்து நிற்கும். அங்கிருந்து காரி பாவ்லி கடைத்தெருவுக்கு மிச்சமிருப்பது இருபது சொச்சம் கிலோமீட்டர். அதுதான் பெரும்பாடு.

என் வேலைக்காலம் முழுவதும் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில், திருச்செங்கோட்டு லாரிக் கம்பெனி ஒன்றின் புக்கிங் ஆபீஸில் கழிந்தது. அந்த வேலைக்கு வருகிற எவரும் முதலில் மனப்பாடம் செய்வது நோ என்ட்ரி நேரத்தை. பெரிய லாரிக்குப் பகலில் ஊருக்குள் இடமில்லை. கடைகளுக்குச் சரக்கு பிரித்துக் கொடுக்கும் சின்ன வண்டிக்கும் முக்கியச் சாலைகளில் காலை 7 முதல் 11 வரை, மாலை 5 முதல் 9 வரை தடை. இந்த நேரங்கள்தான் எங்கள் எல்லாருடைய சாப்பாட்டையும் தூக்கத்தையும் தீர்மானித்தன. ஜனவரிக் குளிரில் எல்லை ஓரம் வரிசையாக நிற்கும் லாரிகளில் டிரைவரும் கிளீனரும் ஒரே போர்வையில் சுருண்டு கிடப்பார்கள். “எத்தனை மணிக்குங்ணா விடுவாங்க?” என்று போன் வரும். நான் சொல்லும் நேரத்துக்கு முன்னால் ஒரு சக்கரமும் உருளாது. கேட் திறந்ததும் அத்தனை டீசல் வண்டிகளும் ஒரே சமயத்தில் கிளம்பும். மூட்டை இறக்கும் பல்லேதார்களுக்கு நள்ளிரவில்தான் வேலை தொடங்கும். புகையும் இருமலுமாக விடியும் அவர்களுக்கு.

டெல்லியின் காற்றைச் சுத்தம் செய்யும் வழக்கு 1985-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்தது. அதில் உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் பேருந்துகள் எல்லாம் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்றது. கெடு தள்ளித் தள்ளிப் போனாலும் பேருந்தும் ஆட்டோவும் மாறின. வெளிமாநில லாரி மாறவில்லை. மாறவும் முடியாது, வழி நெடுக டீசல் பங்க் மட்டுமே இருந்த காலம் அது. அதனால் லாரியை இரவுக்குள் ஒளித்து வைப்பதே சுலபமான கொள்கையாக நீடித்தது. இரவில் விடும் மூச்சும் மூச்சுதானே என்று கேட்க ஆள் இல்லை.

2015 அக்டோபரில் நீதிமன்றம் லாரி மீதே கை வைத்தது. ஊருக்குள் நுழையும் சின்ன சரக்கு வண்டிக்கும் இரண்டு அச்சு லாரிக்கும் 700 ரூபாய், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 1,300 ரூபாய் சுற்றுச்சூழல் கட்டணம். டிசம்பரிலேயே அது 1,400, 2,600 என்று இரட்டிப்பானது. அப்போது உணவுப் பொருளுக்கு விலக்கு இருந்தது. காந்தி நகர் மொத்தக் கடைகளுக்குத் திருப்பூர் பனியன் ஏற்றி வந்த வண்டிக்கு இல்லை. பஞ்சாபுக்குப் போக டெல்லியைக் குறுக்கே கடந்துகொண்டிருந்த லாரிகளும் இதனால் யோசித்தன. 2018-இல் கிழக்கிலும் மேற்கிலும் சுற்றுவட்ட விரைவுச்சாலைகள் முழுதாகத் திறந்த பிறகு அவற்றுக்கு வேறு வழி கிடைத்தது. டெல்லிக்கென்றே வரும் சரக்கின் சிக்கல் அப்படியேதான் இருந்தது.

மின்சார வண்டி இந்தக் கதைக்குள் மெதுவாக நுழைந்தது. 2018-இல் மத்திய அரசு பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்றது. பச்சை நம்பர் பலகையும் வந்தது. 2020 ஆகஸ்ட் 7 அன்று டெல்லி அரசு தன் மின்வாகனக் கொள்கையை அறிவித்தது. சரக்கு ஏற்றும் மின் ஆட்டோவுக்கும் சின்ன வேனுக்கும் 30,000 ரூபாய் ஊக்கத்தொகை, கடன் வட்டியில் 5 சதவீதம் சலுகை, சாலை வரியும் பதிவுக் கட்டணமும் தள்ளுபடி. வியாபாரிகள் காதில் வாங்கிக்கொண்டார்கள்; அவசரப்படவில்லை. 2021-இல் இன்னொன்று வந்தது. சுமார் 250 சாலைகளில் சின்ன சரக்கு வண்டிகளுக்கு இருந்த நேரத் தடையிலிருந்து மின்சார வண்டிகளுக்கு விலக்கு. ஓடவும் செய்யலாம், நிறுத்தி இறக்கவும் செய்யலாம்.

எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு 30,000 ரூபாயைவிட அந்த எட்டு மணி நேரம் பெரிது. டீசலோ சி.என்.ஜி.யோ போட்ட குட்டி யானை தடை நேரம் முடியக் காத்து நிற்கையில், பேட்டரி வண்டி இரண்டு நடை அடித்துவிடும். வண்டி விலை கூடுதல் என்று முகம் சுளித்தவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் மனம் மாறினார்கள். சதர் பஜாரில் மூன்று சக்கர மின்வண்டிகள் காலை பத்து மணிக்கே பண்டல் இறக்குவதைப் பார்த்தபோது எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. சில பல்லேதார்களாவது ராத்திரி வீட்டில் படுக்க முடிந்தது. அரசு ஒரு ரூபாய் செலவில்லாமல் கொடுத்த சலுகை அது. இந்த வரலாற்றில் ஆகச் சிறந்த முடிவு என்று அதைத்தான் சொல்வேன்.

பெரிய லாரியின் முறை மிகவும் தாமதமாக வந்தது. மின்வாகனங்களுக்கு ஊக்கத்தொகை தரும் மத்திய அரசின் ஃபேம் திட்டம், 2019-இல் 10,000 கோடி ரூபாயோடு தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில் லாரிக்கு இடமே இல்லை. 2024-இல் அறிவித்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில்தான் 500 கோடி ஒதுக்கினார்கள். 2025 ஜூலையில் வந்த விதிகளின்படி ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய்; நாடு முழுவதற்கும் 5,600 லாரிகள்; அதில் டெல்லியில் பதிவாகும் 1,100 லாரிகளுக்கு 100 கோடி. வாங்குபவர் பழைய லாரியை உடைத்ததற்கான சான்றிதழ் காட்ட வேண்டும்.

நல்ல திட்டம்தான். ஆனால் இன்றைய பேட்டரியை நம்பி நாமக்கல்லிலிருந்து யாரும் டெல்லிக்குப் புறப்பட முடியாது. ஒற்றை லாரி வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரருக்கு 9.6 லட்சம் எட்டாத பணம். ஊக்கத்தொகை போக மீதி விலைக்கு எந்த பைனான்சில் கடன் கேட்பார்? அவரை வந்தடைந்தது தடை மட்டுமே: 2025 நவம்பர் 1 முதல் புகைத் தர விதியான பாரத் ஸ்டேஜ் கணக்கில் பி.எஸ். 3-உம் அதற்கு முந்தையதுமான வெளிமாநில லாரிகள் டெல்லிக்குள் நுழையக் கூடாது, பி.எஸ். 4-க்கு 2026 அக்டோபர் 31 வரை அவகாசம்.

டீசல் லாரி எல்லையோடு நிற்கட்டும், ஊருக்குள் மின்சார லாரி எடுத்துப் போகட்டும். அதற்குப் பதர்பூர், டிக்ரி, குண்ட்லி எல்லைகளில் சரக்கு மாற்றும் பெரிய யார்டுகள் வேண்டும். கூரை, சார்ஜ் ஏற்றும் வசதி, பல்லேதாருக்குப் பகல் கூலி, மூன்று நாள் ஓட்டிக் களைத்து வந்த டிரைவர் குளித்துப் படுக்க ஓர் அறை. அந்த 100 கோடியோடு இதற்கும் ஒரு தொகையை எழுதச் சொல்லி லாரிச் சங்கங்கள் கேட்க வேண்டும். நவராத்திரி லோடு ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.