உத்தரவாதம் தருபவர் ஒருவர், குழாய் திருத்த வருபவர் இன்னொருவர்

நள்ளிரவில் நீர்க்குழாய் வெடித்தாலோ, மலசலகூடத் தாங்கி ஒழுகத் தொடங்கினாலோ, நீர்ப்பம்பி திடீரென நின்றுபோனாலோ கண்டியில் வாழும் ஒருவர் முதலில் தேடுவது தமக்குத் தெரிந்த 'பாஸ்' ஒருவரின் தொலைபேசி இலக்கத்தைத்தான். அந்த பாஸ் அயல்வீட்டார் அறிமுகப்படுத்தியவராகவோ இரும்புக்கடைக்காரர் கைகாட்டியவராகவோ இருப்பார். சொன்ன நேரத்துக்கு வருவார் என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. வந்தாலும் எவ்வளவு கேட்பார் என்பது வேலை முடிந்த பின்னரே தெரியவரும்.

இந்த நிச்சயமின்மைக்குத் தீர்வாக மேற்குலகில் எழுந்ததே வீட்டு உத்தரவாதத் திட்டம். ஆண்டுக்கொரு தொகையை நிறுவனமொன்றுக்குச் செலுத்திவிட்டால், குழாய், வடிகால், சுடுநீர்க் கருவி முதலியன பழுதடையும்போது அந்நிறுவனமே ஆளனுப்பித் திருத்திக் கொடுக்கும். அமெரிக்காவில் 1971 ஆம் ஆண்டு அமெரிக்கன் ஹோம் ஷீல்ட் என்ற நிறுவனத்துடன் பரவத் தொடங்கிய இம்முறை பிரித்தானியாவிலும் வேறு வடிவில் வேரூன்றியது. இலங்கையில் அது இன்னும் பரவலாகவில்லை. ஆனால் அதன் சாயல் நம் வீடுகளுக்குள் ஏற்கனவே நுழைந்துவிட்டது. நீர்ப்பம்பியுடனும் சுடுநீர்க் கருவியுடனும் வரும் உத்தரவாத அட்டையும், புதிய தொடர்மாடி வீட்டை விற்பவர் ஏற்கும் குறைபாட்டுப் பொறுப்புக் காலமும் அவ்வகையினவே. இவற்றில் பணம் பெற்று வாக்குறுதி அளிப்பவர் ஒருவர். கருவிப் பையுடன் படியேறி வருபவர் இன்னொருவர்.

கண்டியைப் பொறுத்தவரை இது வெறும் வர்த்தக விடயமன்று. பிள்ளைகள் கொழும்பிலோ லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்க, முதிய பெற்றோர் மாத்திரம் தங்கியிருக்கும் வீடுகள் இங்கு ஏராளம். ஒரு தொகையைக் கட்டிவிட்டால் அம்மா பாஸைத் தேடி அலைய வேண்டியதில்லை என்ற எண்ணம் தொலைவிலிருக்கும் பிள்ளைக்குப் பெரும் ஆறுதலாகும். அந்த ஆறுதலை விலைக்கு விற்க யாரேனும் முன்வருவர் என்பதில் ஐயமில்லை. அதற்கு முன்னர் பிற நாட்டார் பெற்ற அனுபவத்தை நாம் அறிந்துகொள்வது பயனுடையது.

அமெரிக்க நடைமுறையில் ஆண்டுக் கட்டணத்துக்கு மேலதிகமாக ஒவ்வொரு வருகைக்கும் 75 முதல் 125 டொலர் வரையான கட்டணத்தை வீட்டுக்காரர் செலுத்துவது வழக்கம். வருபவர் நிறுவனத்தின் ஊழியரல்லர். ஒப்பந்த அடிப்படையில் வேலை பெறும் உள்ளூர்க் குழாய்த் தொழிலாளி. அவருக்குரிய கூலியைத் தீர்மானிப்பது நிறுவனம். பழுதுக்கான காரணத்தை அவர் நிறுவனத்துக்கு அறிவிப்பார். அதை ஏற்பதா மறுப்பதா என்பதைத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் முடிவு செய்வார். பாவனையாளர்களின் முறைப்பாடுகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே பிறக்கின்றன. 'திட்டத்தில் சேரும் முன்பே இருந்த பழுது', 'முறையாகப் பராமரிக்கவில்லை', 'இந்தப் பாகம் உள்ளடங்காது' என்ற மூன்று பதில்களும் அங்கு பலருக்கு மனப்பாடம். மாற்றவேண்டிய குழாய்க்கு ஒட்டுப்போட்டுவிட்டுச் செல்வதும், அதே ஒழுக்குக்காக மறுமாதம் மீண்டும் வருகைக் கட்டணம் கேட்பதும் வழமையான மனக்குறைகள்.

வந்தவர் தீய எண்ணம் கொண்டவர் என்பதல்ல இதன் பொருள். குறைந்த கூலிக்கு வரும் ஒருவர் அவ்வேலையை விரைவில் முடித்துவிட்டு, நல்ல கூலி தரும் தனிப்பட்ட வாடிக்கையாளரிடம் செல்லவே விரும்புவார். தமக்கு அடுத்த வேலையைத் தரப்போவது நிறுவனமே, வீட்டுக்காரர் அல்லர் என்பதையும் அவர் அறிவார்.

பிரித்தானியாவில் நடந்தது இதைவிடப் பாடமானது. ஹோம்சேர்வ் என்ற நிறுவனம் 1993 இல் சவுத் ஸ்டாஃபோர்ட்ஷயர் நீர் வழங்கல் நிறுவனத்தின் பங்களிப்புடன் தோன்றி, குழாய், வடிகால் அவசரத் திருத்தங்களுக்கான காப்புறுதியை இலட்சக்கணக்கான வீடுகளுக்கு விற்றது. தவறான முறையில் விற்றமை, வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை உரியவாறு விசாரிக்காமை முதலிய காரணங்களுக்காக 2014 பெப்ரவரியில் அந்நாட்டின் நிதி நடத்தை அதிகார சபை அதற்கு 3 கோடி பவுணுக்கும் அதிகமான அபராதம் விதித்தது. ஊழியருக்கு அளிக்கப்பட்ட ஊக்கத்தொகை விற்பனையின் தரத்தை விட அதன் எண்ணிக்கையையே பார்த்தது என்பதும் வெளிவந்தது. அங்கு விற்கப்பட்டது காப்புறுதி என்பதால், அபராதம் விதிக்க ஓர் அதிகார சபை இருந்தது என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டும்.

இனி கண்டிக்கு வருவோம். மாநகர எல்லைக்குள் பெரும்பகுதிக்கு மாநகர சபை நீர் வழங்குகின்றது. சுற்றுப்புறப் பிரதேசங்களுக்கு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை வழங்குகின்றது. கெட்டம்பையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் மகாவலியிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படும் நீர், மேட்டிலுள்ள தாங்கிகளுக்கு ஏற்றப்பட்டுப் பின்னர் பள்ளம் நோக்கி இறங்குகின்றது. பத்து மீற்றர் இறங்கும்போது குழாயினுள் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடும். எனவே பள்ளத்தில் உள்ள வீட்டில் அழுத்தத்தால் குழாய் பிளக்க, ஹந்தானைச் சரிவிலோ அனிவத்தையிலோ மேலே உள்ள வீட்டுக்கு நீர் ஏறுவதே கடினமாகும். இரவில் ஊரார் நீர் பாவிப்பது குறையும்போது அழுத்தம் மேலும் உயர்வதால்தான் வெடிப்புகள் பலவும் விடியற்காலையில் தெரியவருகின்றன. ஊரைப் பழகிய பாஸ் இதை அறிவார். குழாயை மாற்றுவதற்கு முன்னர் அழுத்தம் குறைக்கும் வால்வு பூட்டச் சொல்வார். வேறிடத்திலிருந்து அனுப்பப்படுபவர் உடைந்த துண்டை மாத்திரம் மாற்றிவிட்டுப் போகக்கூடும்.

மேட்டு வீட்டின் நீர்ப்பம்பி இன்னொரு கதை. விநியோகம் தடைப்பட்டு நிலத்தடித் தாங்கி வற்றிய வேளையில் பம்பி ஓடினால், நீரின்றிச் சூடேறி அதன் அடைப்பு வளையம் கருகிவிடும். அட்டையில் ஓராண்டு, ஈராண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சிறிய எழுத்தில், நீரின்றி ஓடியதாலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தாலும் ஏற்படும் சேதம் அடங்காது என்றிருக்கும். கண்டி மலைகளில் பம்பி பழுதடைவதற்கு முக்கிய காரணங்களே இவை இரண்டும்தான். அந்தச் சிறிய எழுத்தும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். தமிழும் அரச கரும மொழியாகவுள்ள நாட்டில், தமிழ் பேசும் ஒருவர் தாம் பணம் கொடுத்து வாங்கிய உரிமையை வாசித்தறிய இன்னொருவரின் உதவியை நாடவேண்டியிருப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

ஒழுக்கை அலட்சியம் செய்வதும் இப்போது மலிவான காரியமல்ல. நொடிக்கு ஒரு துளி சிந்தும் குழாய் ஆண்டொன்றுக்கு 11,000 லீற்றருக்கும் அதிகமான நீரை வீணாக்கும் என அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம் கணக்கிட்டுள்ளது. நீர் வழங்கல் சபையின் கட்டணம் 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் உயர்த்தப்பட்டு, 2024 இல் சிறிதளவே குறைக்கப்பட்டது. பாவனை கூடக் கூட அலகு விலையும் ஏறுவதால், கசிவு வீட்டை உயர்ந்த படிக்குத் தள்ளிவிடும். நீர்மானிக்கு அப்பால் வீட்டினுள் நிகழும் கசிவு வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதையும் மறந்துவிடலாகாது.

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. எழுத்தில் உத்தரவாதம் இல்லாவிட்டாலும் சட்டத்தில் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவின்படி, தொழில் முறையில் சேவை வழங்கும் எவரும் அதனை உரிய கவனத்துடனும் திறனுடனும் செய்வார் என்பதும், அதற்காக வழங்கும் பொருட்கள் நோக்கத்துக்குப் பொருத்தமானவையாக இருக்கும் என்பதும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உட்கிடையான உத்தரவாதங்களாகும். நிறுவனம் அனுப்பியவருக்கும் தெருவோர பாஸுக்கும் இது பொதுவானது. உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருட்கள் பற்றிய முறைப்பாட்டை அதிகார சபை விசாரித்து, நட்டஈடு செலுத்தவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தை மீளளிக்கவோ கட்டளையிடலாம். முறைப்பாடு எழுத்தில், பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற மூன்று மாதங்களுக்குள் செய்யப்படவேண்டும் என்பது பொது விதி. 1977 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகங்களைப் பொறுத்தவரை, 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் அவற்றின் நியாயத்தன்மையைக் கேள்விக்குட்படுத்த இடமளிக்கின்றது. பாஸுடனான சில்லறைப் பிணக்குகளுக்கு நீதிமன்றப் படியேறாமல் மத்தியஸ்த சபையை நாடவும் வழியுண்டு.

ஆனால் பற்றுச்சீட்டு இல்லாத இடத்தில் இச்சட்டங்கள் எதனாலும் பயனில்லை. யார், எந்தத் திகதியில், எதைச் செய்தார், எவ்வளவு பெற்றார் என்ற நான்கு வரிகள் கொப்பித் தாளில் எழுதிக் கையொப்பமிடப்பட்டிருந்தாலும் போதும். நம்மவர் அதைக் கேட்கக் கூச்சப்படுகின்றனர். கேட்டால் பாஸ் கோபித்துக்கொண்டு அடுத்தமுறை வரமாட்டார் என்று அஞ்சுகின்றனர். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நாம் கூறமாட்டோம். நல்ல பாஸ் கிடைப்பது அரிதாகிவிட்டது.

அதற்கும் வழியில்லாமல் இல்லை. தேசிய தொழில் தகைமை முறையில் நீர்க்குழாய் பொருத்துநர் தொழிலும் அடங்கும். பாடநெறி எதையும் பயிலாது அனுபவத்தால் தேர்ந்தவர்களும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பிடப்பட்டுச் சான்றிதழ் பெறலாம். 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டமும் கைவினைஞரைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்கின்றது. இவ்வாறு தகைமை பெற்றோரின் பிரதேசவாரியான பட்டியலொன்று நீர்ப் பட்டியல் செலுத்தும் கருமபீடத்தில் மும்மொழியிலும் தொங்கவிடப்பட்டால் மாநகர சபைக்குப் பெருஞ்செலவு ஏற்படப்போவதில்லை.

நாளை ஒரு நிறுவனம் கண்டியில் வீட்டு உத்தரவாதத்தை விற்க வந்தால், அதன் முகவரிடம் வாசகர்கள் கேட்கவேண்டியவை அதிகமில்லை. அனுப்பப்படுபவர் செய்த வேலை பிழைத்தால் மீண்டும் கட்டணமின்றி வருவாரா? அவர் உடைத்த ஓட்டுக்கும் நனைத்த சுவருக்கும் யார் பொறுப்பு? அவர் வராத பட்சத்தில் நாமே ஒருவரை அமர்த்தினால் செலவு மீளக் கிடைக்குமா? நிபந்தனைகள் தமிழில் எழுத்தில் தரப்படுமா? அரசாங்கத்திடமும் ஒரு கேள்வி உண்டு. முற்பணம் பெற்று, நிகழலாம் நிகழாமலும் போகலாம் என்ற சேதத்துக்குப் பொறுப்பேற்பது காப்புறுதிக்கு ஒப்பானது. அவ்வாறாயின் அத்தகைய திட்டங்கள் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் கண்காணிப்புக்குள் வருமா, பாவனையாளர் அதிகார சபையின் கீழ் வருமா என்பதை முதலாவது நிறுவனம் முதலாவது வீட்டிலிருந்து பணம் அறவிடுவதற்கு முன்னரே தெளிவுபடுத்த வேண்டும்.